பத்து அடுக்கிலும் கோல் அடித்தவர்

ஜேமி க்யூரட்டன் என்ற பெயரை நம் பக்கத்துக் கால்பந்து ரசிகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இங்கிலாந்து தேசிய அணிக்கு ஆடியவர் இல்லை, பெரிய கோப்பை எதையும் தூக்கியவரும் இல்லை. ஆனால் அந்த நாட்டுக் கால்பந்தின் மேல் பத்து அடுக்குகளிலும், ஒன்று விடாமல், கோல் அடித்த முதல் ஆட்டக்காரர் அவர்தான். 19 வயதில் நாரிச் சிட்டிக்காக பிரீமியர் லீக்கில் கோல் அடித்தார். 47 வயதில் கிங்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் என்ற சின்னஞ்சிறு சஃபோக் கிளப்புக்காகப் பத்தாவது அடுக்கில் கோல் அடித்தார். இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 28 ஆண்டுகள்.

இந்தச் செய்தி வந்தபோது பலரும் இதை ஒரு வேடிக்கைத் தகவலாகப் பார்த்துவிட்டுக் கடந்து போனார்கள். எனக்கு அது போதவில்லை. கால்பந்தில் வெற்றி என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதையே மறுபடி யோசிக்க வைக்கிற வாழ்க்கை இது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த அடுக்குகள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பிரீமியர் லீக், சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, இந்த நான்கிலும் சேர்த்து 92 கிளப்கள். அதற்குக் கீழே நேஷனல் லீக். அதற்கும் கீழே வடக்கு, தெற்கு என்று பிரிந்து, பிறகு வட்டார வாரியாகப் பிரிந்துகொண்டே போகும். கீழே போகப் போக லீக்குகள் கூடும், பயணத் தூரம் குறையும், சம்பளமும் குறையும். ஏழாவது எட்டாவது அடுக்குக்கு வந்துவிட்டால் பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்குப் பகலில் வேறு வேலை இருக்கும், பயிற்சி வார நாட்களின் மாலைகளில் நடக்கும். எல்லா அடுக்குகளையும் இணைப்பது ஏற்றமும் இறக்கமும்: சீசன் முடிவில் முன்னணிக் கிளப்கள் மேல் அடுக்குக்குப் போகும், கடைசியில் நிற்பவை கீழ் அடுக்குக்கு இறங்கும். பத்தாவது அடுக்கில் இருக்கிற ஒரு கிளப் தொடர்ந்து ஜெயித்தால் ஒருநாள் பிரீமியர் லீக் வரை வரலாம் என்பது வெறும் பேச்சு இல்லை, விதியே அப்படித்தான்.

க்யூரட்டன் 1975இல் பிரிஸ்டலில் பிறந்தவர். நாரிச்சின் இளைஞர் அணியில் வளர்ந்து 1994-95 சீசனில் முதல் அணிக்கு வந்தார். அந்த சீசன் முடிவிலேயே நாரிச் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிவிட்டது. அப்போது அவருக்கு வயது 19. அதன் பிறகு முதல் அடுக்கில் ஆடும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவே இல்லை. நாரிச் ரசிகர்கள் இன்றும் அவரை நினைவில் வைத்திருக்கும் காரணங்களில் ஒன்று, பரம வைரியான இப்ஸ்விச்சுக்கு எதிரான ஆட்டத்துக்கு முடியில் பச்சைச் சாயம் பூசிக்கொண்டு வந்தது. அந்த வயதுக்கே உரிய துடிப்பு.

பிறகு சொந்த ஊருக்குத் திரும்பி பிரிஸ்டல் ரோவர்ஸில் சேர்ந்தார். 1999 ஜனவரியில் ரெடிங்குக்கு எதிராக அவர்கள் மைதானத்திலேயே ஓர் ஆட்டம். பாதி ஆட்டம் முடியும்போது கோல் எதுவும் விழவில்லை. முடிவில் ரோவர்ஸுக்கு ஆறு, ரெடிங்குக்குச் சுழியம். ஆறில் நான்கு க்யூரட்டன் அடித்தது, மற்ற இரண்டும் ஜேசன் ராபர்ட்ஸுடையது. மூன்றாவது அடுக்கில் நடந்த ஆட்டம் என்பதால் உலகம் கவனிக்கவில்லை. ரெடிங் மட்டும் நன்றாகக் கவனித்திருக்கிறது, அடுத்த ஆண்டே அவரை விலைக்கு வாங்கிக்கொண்டது.

ரெடிங்கில் நடந்ததுதான் என் கண்ணில் அவருடைய வாழ்க்கையின் உச்சம். 2001இல், மேல் அடுக்குக்குப் போகும் கடைசி இடத்தை முடிவு செய்கிற பிளேஆஃப் இறுதிப் போட்டியில், கார்டிஃப் நகரில், அவர் கோல் அடித்தும் ரெடிங் 3-2 என்று வால்சாலிடம் தோற்றது. ஒரு வருட உழைப்பு ஒரே மாலையில் போயிற்று. அடுத்த ஆண்டு, 2002 ஏப்ரல் 20, சீசனின் கடைசி ஆட்டம், பிரெண்ட்ஃபோர்டின் கிரிஃபின் பார்க் மைதானம். ஜெயித்தால் பிரெண்ட்ஃபோர்டு மேலே போகும், டிரா செய்தால் போதும் ரெடிங் மேலே போய்விடும். பிரெண்ட்ஃபோர்டு ஒரு கோல் முன்னிலையில் இருக்கிறது. மாற்று ஆட்டக்காரராக உள்ளே வருகிறார் க்யூரட்டன். ஆட்டம் முடியச் சுமார் கால் மணி நேரம் இருக்கும்போது கோல்கீப்பரின் தலைக்கு மேலாகப் பந்தைத் தூக்கிப் போட்டார். 1-1. ரெடிங் இரண்டாவது அடுக்குக்குப் போனது. நான்கே ஆண்டுகளில் அந்த கிளப் பிரீமியர் லீக்குக்கும் போனது, ஆனால் அதற்குள் க்யூரட்டன் அங்கே இல்லை. கீழ் அடுக்கு ஆட்டக்காரர்கள் பலரின் கதை இதுதான். தாங்கள் தூக்கிவிட்ட கிளப் உயரம் தொடும்போது அவர்கள் வேறு எங்கோ ஆடிக்கொண்டிருப்பார்கள்.

2003இல் அவர் போன இடம் தென்கொரியாவின் புசான். அங்கே பயிற்சியாளர் இயன் போர்ட்டர்ஃபீல்டு, பல அடுக்குக் கிளப்களும் மோதுகிற எஃப்.ஏ. கோப்பையின் 1973 இறுதியில் சந்தர்லாந்துக்காக வெற்றி கோல் அடித்தவர். சில மாதங்களில் க்யூரட்டன் இங்கிலாந்து திரும்பி லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸில் சேர்ந்தார், பிறகு ஸ்விண்டன்.

அடுத்து 2006-07, கால்செஸ்டர் யுனைடெட். தன் வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாவது அடுக்குக்கு வந்திருந்த கிளப். லேயர் ரோடு என்ற பழைய, நெருக்கமான மைதானம். பணத்தில் அந்த லீக்கிலேயே சிறிய கிளப்களில் ஒன்று. அந்த சீசனில் க்யூரட்டன் லீக்கில் 23 கோல், கூட ஆடிய கிறிஸ் இவெலுமோ 18 கோல். அதிக கோல் அடித்தவருக்கான சாம்பியன்ஷிப்பின் கோல்டன் பூட் விருது க்யூரட்டனுக்குக் கிடைத்தது. இறங்கிவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்த அணி பத்தாவது இடத்தில் முடித்தது. கால்செஸ்டர் அதற்கு முன்னும் பின்னும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை. அந்த ஊரில் அன்றைக்கு மைதானத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு சிறுவனுக்குக் கால்பந்தின் பொற்காலம் எது என்று கேட்டால் 2006-07 என்றுதான் சொல்வான். இதை வெற்றி இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்தக் கோல்களைப் பார்த்துத்தான் நாரிச் எட்டு லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து அவரைத் திரும்ப அழைத்தது. இந்த இரண்டாவது வருகை சரியாக அமையவில்லை. பார்ன்ஸ்லிக்கும் ஷ்ரூஸ்பரிக்கும் லோனில், அதாவது தற்காலிகமாக, போனார். பிறகு எக்ஸிடர், லேட்டன் ஓரியண்ட், மறுபடி எக்ஸிடர், செல்ட்னம், டேகனம். இதில் எக்ஸிடர், ரசிகர்களின் அறக்கட்டளையே நடத்துகிற கிளப். அங்கே 2012-13இல், 37 வயதில், லீக் டூவில் 21 கோல் அடித்தார். டேகனத்தில் 39 வயதில் இருபதை நெருங்கிய கோல்கள். அந்த வயதில் மற்ற ஸ்ட்ரைக்கர்கள், கோல் அடிப்பதே வேலையான முன்வரிசை ஆட்டக்காரர்கள், தொலைக்காட்சியில் கருத்து சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இது அவருக்கு எப்படிச் சாத்தியமானது? அவர் உயரமானவர் இல்லை. உடல் பலத்தாலும் வேகத்தாலும் பிழைக்கிற ஸ்ட்ரைக்கருக்கு முப்பதைத் தாண்டினால் கஷ்டம். பெனால்டி பகுதிக்குள் பந்து எங்கே விழும் என்று மற்றவர்களுக்கு அரை நொடி முன்பே தெரிந்து, முதல் தொடுதலிலேயே உதைத்துவிடுகிறவருக்கு வயது அவ்வளவு பெரிய தடை இல்லை. அடுக்கு இறங்கினாலும் கோல் கம்பத்தின் அளவு மாறுவதில்லையே. ஆனால் கால் தாங்க வேண்டும், மனசும் தாங்க வேண்டும். பிரீமியர் லீக் பார்த்தவர், கோல்டன் பூட் வாங்கியவர், ஜனவரி மழையில் சேறான ஒரு திடலில் நூறு இருநூறு பேர் முன்னால் அதே பசியோடு ஓடுவது லேசான காரியம் இல்லை. என் மதிப்பில் அவருடைய திறமைகளிலேயே அரியது இந்தப் பசிதான்.

இப்போது நான் அடிக்கடி கேட்கிற ஒரு விமர்சனம். இப்படிக் கிளப் கிளப்பாக மாறுகிறவர்களுக்கு விசுவாசம் கிடையாது, காசு எங்கே அதிகமோ அங்கே போவார்கள் என்பது. கீழ் அடுக்குகளின் நடைமுறை தெரியாமல் பேசுகிற பேச்சு இது. அங்கே காண்ட்ராக்ட் பெரும்பாலும் ஓராண்டு, இரண்டாண்டு. சீசன் முடிந்ததும் கிளப் யாரை வைத்துக்கொள்கிறது, யாரை விடுகிறது என்று பட்டியல் வெளியிடும். பெயர் இல்லை என்றால் ஜூன் மாதத்தோடு சம்பளம் நின்றுவிடும். மேனேஜர் மாறினால் அவருக்குப் பிடித்த ஆட்கள் வருவார்கள், பழையவர்கள் போக வேண்டியதுதான். ஐரோப்பிய நீதிமன்றத்தின் 1995 போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு காண்ட்ராக்ட் முடிந்த ஆட்டக்காரர் விருப்பப்பட்ட கிளப்புக்கு இலவசமாகப் போகலாம் என்றானது. நட்சத்திரங்களுக்கு அது பேரம் பேசும் பலத்தைக் கொடுத்தது. கீழே உள்ளவர்களுக்கு நிலை வேறு. வயதானால் விற்றுப் பணம் பார்க்க முடியாத ஆளுக்கு எதற்கு நீண்ட காண்ட்ராக்ட் என்று கிளப்கள் யோசிக்க ஆரம்பித்தன.

போதாததற்கு கிளப்களின் நிதிநிலையே ஆட்டம் காணும். 2002இல் ஐடிவி டிஜிட்டல் என்ற தொலைக்காட்சி நிறுவனம் நொடித்தபோது, பிரீமியர் லீக்குக்கு அடுத்த மூன்று அடுக்குக் கிளப்களும் நம்பியிருந்த 315 மில்லியன் பவுண்டு ஒளிபரப்பு ஒப்பந்தம் பாதியில் நின்றது. கிளப்கள் சம்பளத்தைக் குறைத்தன, ஆட்களைக் கழித்துவிட்டன. 1885இல் தொடங்கி இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வென்ற பரி கிளப், 2019 ஆகஸ்டில் பணப் பிரச்சினையால் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. சீசன் தொடங்கிவிட்ட நேரத்தில் அதன் ஆட்டக்காரர்கள் வேறு வேலை தேட வேண்டியிருந்தது. இந்த உலகத்தில் ஒருவர் பத்துப் பதினைந்து கிளப்புக்கு ஆடியிருக்கிறார் என்றால், அத்தனை முறை அவரை யாரோ தேவை என்று கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் வீடு மாற்றி, பிள்ளைகளின் பள்ளி மாற்றி, புதிய அணியில் முதல் நாளிலிருந்து தன்னை நிரூபித்திருக்கிறார் என்றும் அர்த்தம். விசுவாசத்தைப் பற்றிப் பேசுவதானால் முதலில் கிளப்களிடம் கேட்போம்.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. கீழ் அடுக்கிலிருந்து மேலே ஏறியவர்களின் கதை என்றால் நாம் உருகிவிடுகிறோம். ஜேமி வார்டி ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற கீழ் அடுக்குக் கிளப்பில் ஆடிக்கொண்டே ஆலையில் வேலை பார்த்து, 2016இல் லெஸ்டரோடு பிரீமியர் லீக் பட்டம் வென்றார். ரிக்கி லாம்பர்ட் 15 வயதில் லிவர்பூலால் கழித்துவிடப்பட்டு, ஒரு கட்டத்தில் பீட்ரூட்டைப் பாட்டிலில் அடைக்கிற ஆலையில் வேலை செய்து, 2013இல் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து அணிக்குள் வந்து முதல் தொடுதலிலேயே கோல் அடித்தார். அருமையான கதைகள், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த இருவரும் ஏறிவந்த லீக்குகளை உயிரோடு வைத்திருப்பவர்கள் ஏறாதவர்கள்தான். கீழே தரமான ஆட்டம் நடந்தால்தானே மேலே போகத் தகுதியான ஒருவர் அங்கே உருவாவார்? முன்னாள் பிரீமியர் லீக் ஆட்டக்காரர் ஒருவர் 45 வயதில் தன் பக்கத்தில் ஓடி, எந்த நேரத்தில் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று கத்திச் சொன்னால், அந்த 18 வயதுப் பையனுக்கு அதைவிட நல்ல பாடம் வேறெங்கே கிடைக்கும்? மேலே ஏறுவது ஒரு சாதனை என்றால், இறங்கும்போதும் ஒவ்வோர் அடுக்கிலும் பயனுள்ள ஆளாக இருப்பதும் சாதனைதான்.

நல்ல பெயரோடு முன்பே விலகியிருக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. யாருடைய பார்வையில் நல்ல பெயர்? நம் வசதிக்காக அவர் ஏன் நிறுத்த வேண்டும்? ஆடப் பிடிக்கிறது, ஆட முடிகிறது, அணி கூப்பிடுகிறது. ஒரு தொழிலாளி வேலையைத் தொடர இதற்கு மேல் காரணம் எதுவும் தேவையில்லை.

க்யூரட்டன் தனி ஆள் இல்லை. ஸ்டீவ் கிளாரிட்ஜைப் பாருங்கள். 1996இல் வெம்ப்ளியில் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராகக் கோல் அடித்து லெஸ்டரை பிரீமியர் லீக்குக்கு அனுப்பியவர். அடுத்த ஆண்டே மிடில்ஸ்பரோவுக்கு எதிராக லீக் கோப்பையை வென்று தந்த கோலும் அவருடையது. அதன் பிறகும் கிளப் கிளப்பாகப் போய், 2006 டிசம்பரில் 40 வயதில் போர்ன்மத்துக்காகத் தன் ஆயிரமாவது ஆட்டத்தை ஆடினார். கோல்கீப்பர் ஜான் பரிட்ஜ் இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட கிளப்களில் இருந்தவர், 1995இல் மான்செஸ்டர் சிட்டிக்காக 43 வயதில் பிரீமியர் லீக்கில் இறங்கினார். அந்த லீக்கில் அவரைவிட மூத்தவர் யாரும் ஆடியதில்லை.

மான்செஸ்டரில் இருக்கிற தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் 2002 முதல் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கிறது. பட்டியலில் நிறைந்திருப்பவர்கள் எல்லாம் மேல் அடுக்கின் நாயகர்கள், அவர்கள் தகுதியில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இங்கிலாந்துக் கால்பந்து என்பது அந்த ஒரு அடுக்கு மட்டும் இல்லை என்று அந்த நாடே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. அப்படியென்றால் பத்து அடுக்கையும் தன் காலால் தொட்டவருக்கு அங்கே ஓர் இடம் கொடுக்க வேண்டும். அவர் உயிரோடு, ஆரோக்கியமாக இருக்கும்போதே, கால்செஸ்டரிலிருந்தும் ரெடிங்கிலிருந்தும் எக்ஸிடரிலிருந்தும் ரசிகர்கள் வந்து கைதட்டும்படியாகக் கொடுக்க வேண்டும்.