விடுதி வரி விளம்பரத்துக்கு மட்டும்தானா?

ஓட்டல் அறையைக் காலி செய்யும்போது கையில் தரும் பில்லில், வாடகைக்குக் கீழே வரி என்று ஒரு தொகை இருக்கும். கட்டுபவர் அடுத்த நாள் ஊரைவிட்டுப் போய்விடுவார். உள்ளூர்க்காரருக்கோ அதனால் கைக்காசு செலவில்லை. அதனால்தான் அந்தப் பணம் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கட்டாயம் கேட்க வேண்டும் என்கிறேன்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 1977இல் இயற்றிய சட்டப்படி, இந்த விடுதி வரிப்பணத்தின் பெரும்பகுதி சுற்றுலா விளம்பரம், மாநாட்டு மையம், விளையாட்டு அரங்கம் போன்றவற்றுக்கே போகிறது. ஆர்லாண்டோ நகரம் இருக்கும் ஆரஞ்சு கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) வாடகையில் 6 சதவீதம் இப்படி வசூலாகிறது. ஆண்டுக்கு 30 கோடி டாலருக்கும் மேல். அதே கவுண்டியில் பேருந்துக்கும் சாலைக்கும் பணம் வேண்டி, 2022 நவம்பரில் விற்பனை வரியை 1 சதவீதம் கூட்டலாமா என்று மக்களிடம் வாக்குக் கேட்டார்கள், மக்கள் மறுத்துவிட்டார்கள். விடிவதற்கு முன்பே பேருந்துக்குக் காத்து நின்று, வேலைக்கு வந்து, ஒவ்வொரு அறையாகப் படுக்கை விரிப்பை மாற்றுகிற ஹவுஸ்கீப்பிங் ஊழியரின் உழைப்பில்தான் அந்த 30 கோடி வருகிறது. அவருடைய பேருந்துக்கு அதிலிருந்து எடுக்கச் சட்டம் எளிதில் இடம் தருவதில்லை. இது எனக்குப் பொறுக்க முடியாத அநியாயமாகப் படுகிறது.

விளம்பரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐந்தாறு அறை வைத்திருப்பவரால் வெளிநாட்டில் விளம்பரம் செய்ய முடியாது. எல்லோருக்கும் பொதுவாக ஊர் செய்வதே முறை. ஆனால் வரி சதவீதக் கணக்கில் வருவதால், அறைகள் நிரம்பி வழிந்து விளம்பரத்தின் தேவை குறையும்போதுதான் விளம்பர நிதி பெருகுகிறது. கூட்டத்தோடு கூடவே குப்பையும் தண்ணீர்த் தட்டுப்பாடும் வீட்டு வாடகையும் ஏறுகின்றன. அவற்றுக்குப் பணம் உள்ளூர்வாசியே தர வேண்டியிருக்கிறது.

மாற்றி யோசித்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்பெயினின் பலேரிக் தீவுகள் 2016 முதல் வாங்கும் தங்கும் வரி இயற்கைப் பாதுகாப்பு, நீர் மேலாண்மை, பழங்காலச் சின்னங்கள் ஆகியவற்றுக்கும் செலவாகிறது. ஹவாய் மாநிலம் 2021இல், சுற்றுலா ஆணையத்துக்கு விடுதி வரியிலிருந்து நேரடியாகப் போய்க்கொண்டிருந்த பங்கை நிறுத்தியது. அங்குள்ள லஹைனா நகரைத் தீ அழித்து இரண்டு ஆண்டுகள் ஆவதற்குள், 2025இல், கடற்கரையைக் காக்கவும் காட்டுத்தீயைத் தடுக்கவும் அந்த வரியை 0.75 சதவீதப் புள்ளி உயர்த்தச் சட்டம் இயற்றியது.

இத்தனை பங்கு விளம்பரத்துக்கு என்று சட்டத்திலேயே பூட்டி வைப்பதைத்தான் முதலில் நீக்க வேண்டும். எவ்வளவு வந்தது, விளம்பரத்துக்கு எவ்வளவு, பேருந்துக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு என்பதை ஒவ்வோர் ஆண்டும் மக்கள் முன் வைத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் முடிவு செய்யட்டும்.