செய்திக்கு எதற்கு பிஜிஎம்?

கடலுக்கடியில் சில சுறாக்கள் நீந்துகின்றன. அவ்வளவுதான் காட்சி. யாரையும் துரத்தவில்லை, எதையும் கடிக்கவில்லை. இந்த 60 விநாடி வீடியோவைச் சிலருக்கு அச்சமூட்டும் இசையோடும், சிலருக்கு உற்சாகமான இசையோடும், சிலருக்கு இசையே இல்லாமலும் போட்டுக் காட்டினார்கள். 2016இல் வெளியான ஆய்வு இது. அச்சமூட்டும் இசையோடு பார்த்தவர்கள்தான் சுறாக்களை மற்றவர்களைவிட மோசமாக மதிப்பிட்டார்கள். சுறா என்னவோ சும்மா நீந்திக்கொண்டுதான் இருந்தது.

இப்போது அந்தச் சுறா இருந்த இடத்தில் ஒரு மனிதரை வைத்துப் பாருங்கள். போலீஸ் வண்டியிலிருந்து இறங்கி நடக்கிறார். அதை ஸ்லோமோஷனில் ஓட்டுகிறார்கள். அடியில் இதயத்துடிப்பு மாதிரி கனமாக ஒரு 'தும்... தும்...'. செய்தி வாசிப்பவர் கவனமாகத்தான் பேசுகிறார்: 'குற்றம் சாட்டப்பட்டுள்ளார்', 'கூறப்படுகிறது', 'விசாரணை நடந்துவருகிறது'. வார்த்தையில் ஒரு பிழை சொல்ல முடியாது. ஆனால் விசாரணை முடியும்வரை இசை காத்திருக்கவில்லை. முதல் ஐந்து விநாடியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டது.

எனக்குத் தாங்க முடியாத கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஒரு வாக்கியத்தை மறுக்கலாம், ஆதாரம் கேட்கலாம், அவதூறு என்று வழக்குக்கூடப் போடலாம். 'தும் தும்' என்ற சத்தத்தின் மேல் எந்த வழக்கைப் போடுவது? அது எதையுமே சொல்லவில்லையே!

உண்மையில் இசைக்கு 'இவர் திருடினார்' என்று தனியாகச் சொல்லத் தெரியாது. யார் என்பதைப் படம் சொல்கிறது, என்ன நடந்தது என்பதை வார்த்தை சொல்கிறது. அந்த இரண்டையும் எந்த மனநிலையில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை இசை முடிவு செய்கிறது. தாழ்ந்த, கனத்த ஒலி ஏதோ பெரிய உருவம் பக்கத்தில் நிற்பதாக உடம்பை எச்சரிக்கிறது. ஏறிக்கொண்டே போகும் சுருதி 'இதோ வரப்போகிறது' என்கிறது. முடிவுக்கு வராமல் தொங்கவிடப்பட்ட ஒரு சுரம் நம்மை நிம்மதியாக உட்காரவிடாது. அந்தத் தவிப்புக்கு ஒரு காரணம் தேடுகிறோம். திரையில் ஒரு முகம் இருக்கிறது. காரணத்தை அந்த முகத்தின் மேல் ஒட்டிவிடுகிறோம்.

'எனக்கு இதெல்லாம் ஏறாது, நான் செய்தியை மட்டும்தான் கவனிப்பேன்' என்று சொல்பவர்களுக்காக இன்னொரு ஆய்வு. பிரிட்டனில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பிரெஞ்சு இசையையும் ஜெர்மன் இசையையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். பிரெஞ்சு இசை ஒலித்த நாட்களில் பிரெஞ்சு ஒயின் 40 பாட்டில், ஜெர்மன் ஒயின் 8 பாட்டில் விற்றது. ஜெர்மன் இசை ஒலித்தபோது ஜெர்மன் ஒயின் 22, பிரெஞ்சு 12. முடிவுகள் 1997இல் வெளியாயின. வாங்கியவர்களிடம் கேட்டபோது, இசையால் தங்கள் தேர்வு மாறவில்லை என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியாது.

இசைகூட வேண்டாம், ஒலியின் தரமே போதும். ஒரே அறிவியல் உரையைத் தெளிவான ஒலியோடும் கரகரத்த ஒலியோடும் கேட்கவைத்த ஆய்வு 2018இல் வந்தது. ஒலி மோசமாக இருந்தபோது உரையாற்றிய ஆய்வாளரின் அறிவையும் சேர்த்தே குறைத்து மதிப்பிட்டார்கள். 2021இல் வந்த இன்னொரு ஆய்வு, காணொலி வழியாகச் சாட்சி சொல்வதைப் பற்றியது. ஒலி சரியில்லாத சாட்சியின் மேல் நம்பிக்கை குறைந்தது. நல்ல மைக் வாங்க வசதியில்லாதவர் சொல்லும் உண்மைக்கு மதிப்புக் குறைகிறது என்றால், இதைவிட அநியாயம் உண்டா?

சினிமாவைச் சொல்லவில்லை. 'சைக்கோ' படத்தின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அந்த வயலின் கீறலை எழுதிக் கேட்கவைத்த பிறகு மனம் மாறினார். 1960இல் வந்த படம், இன்றும் அந்த ஒலி முதுகுத்தண்டைச் சில்லிடவைக்கிறது. மகத்தான கலை அது. 'என்னைப் பயமுறுத்து' என்று நாமே டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்கிறோம். செய்தி பார்க்கும்போது அப்படி எந்த அனுமதியும் யாருக்கும் நான் தரவில்லை.

இசை இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பார்கள். சம்பவ இடத்தின் சத்தம் இருக்கிறதே? அழுகை, மழை, கூட்டத்தின் இரைச்சல், எல்லாம் அங்கே நிஜமாகவே கேட்டவை. அவற்றைப் போடுங்கள், பார்க்கிறோம்.

குற்றச் செய்திகளை வீடியோவாகப் போடும் பக்கங்களை நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த வீடியோவைப் பின்னணி இசை இல்லாமல் ஏற்றுங்கள். ஏற்கெனவே ஏற்றியவற்றில், குற்றமற்றவர் என்று நீதிமன்றம் விடுவித்தவர்களின் வீடியோக்களையாவது தேடி எடுத்து நீக்குங்கள். தீர்ப்பு வந்த பிறகும் அதே இசையோடு அவை ஃபோனுக்கு ஃபோன் சுற்றிக்கொண்டிருக்கின்றன.