மானைச் செய்வீர்கள், சரி. எங்கே விடுவீர்கள்?

திருகோணமலைக் கோட்டை மதிலோரம் கிடந்த ஒரு புள்ளிமானின் படத்தை ஞாயிற்றுக்கிழமை போட்டேன். அதன் கீழே வந்த ஒரு கொமெண்டுக்கு மூன்று நாளாகப் பதில் எழுதாமல் இருந்தேன். கோபத்தில் எழுதினால் பிறகு நானே அழிக்க வேண்டி வரும் என்று தெரியும். நேற்று இரவு பார்த்தால், படத்துக்கு விழுந்த லைக்கை விட அந்தக் கொமெண்டுக்கு விழுந்த லைக் கூட. இனி என்ன பொறுமை.

பார்க்காதவர்களுக்கு, வெளிநாட்டில் இருக்கிற ஒரு அண்ணா எழுதியது சுருக்கமாக: ஒரு மானுக்குப் போய் இந்த அழுகையா, உலகம் குளோனிங்கில் (ஒரு பிராணியின் கலத்திலிருந்து அதைப் போலவே இன்னொன்றைப் பிறக்கவைப்பது) எங்கேயோ போய்விட்டது, இனி எந்த மிருகமும் அழியாது, ஊரில் இருப்பவர்கள் கொஞ்சம் வாசிக்க வேண்டும். கூடவே, அப்படிக் குளோன் செய்து பிறந்த டொலி என்ற செம்மறி ஆட்டின் படம். சிரிக்கிற பொம்மை இரண்டு.

சரி அண்ணா, வாசிப்போம்.

பதினைந்து வருடமாக ஏ.எல். பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். டொலியைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. கறுப்பு முக வாடகைத் தாயின் வயிற்றில் வெள்ளை முகக் குட்டி பிறந்த கதையைச் சொன்னால் பின்வாங்கில் நித்திரை கொள்கிறவனும் எழும்பிவிடுவான். 1996 ஜூலை 5, ஸ்கொட்லாந்து. ஒரு ஆட்டின் பால்மடிக் கலத்தை எடுத்து, கரு (கலத்தின் மையப்பகுதி) நீக்கிய முட்டைக் கலத்தோடு மின்துடிப்புக் கொடுத்து இணைத்தார்கள். அப்படி இணைத்தது 277. அதில் முளையமாக வளர்ந்தது 29. குட்டியாகப் பிறந்தது ஒன்று. அந்த ஒன்றின் படத்தைத்தான் நீங்கள் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். மற்ற 276க்கும் படம் இல்லை.

மானைக்கூடச் செய்திருக்கிறார்கள், தெரியுமா? உங்கள் பக்கத்துக்கு நானே சாட்சி பிடித்துத் தருகிறேன். 2003இல் டெக்சஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் வெள்ளைவால் மான் ஒன்றைக் குளோன் செய்தார்கள். டூயி என்று பெயர். நன்றாகவே வளர்ந்தது. ஆகவே முடியுமா முடியாதா என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. நான் கேட்பது ஒன்றைத்தான். செய்து எங்கே விடுவீர்கள்?

கோட்டை மதிலோரம் கிடந்த அந்தப் பெண் மானை நீங்கள் படத்தில் பார்த்தீர்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வயிறு உப்பி, கண் திறந்தபடி, மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இலக்கத்துக்குக் கோல் எடுத்தோம், இன்னொரு இலக்கம் தந்தார்கள். அங்கே எடுத்தால் முதல் இலக்கத்தையே திருப்பித் தந்தார்கள். பின்னேரம் தெரிந்த மிருக வைத்தியர் ஒருவர் தன் பாட்டில் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர்தான் வயிற்றை வெட்டிக் காட்டினார். ஷொப்பிங் பை, நூல்கயிறு, சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் ஷீட், எல்லாம் ஒன்றோடொன்று முறுகிப் பந்தாகிக் கிடந்தது. அசைபோடும் பிராணியின் முதல் இரைப்பையில் பொலித்தீன் போனால் முன்னாலும் வராது, பின்னாலும் போகாது. வயிறு நிறைந்தது போலவே இருக்கும், பசிக்காது, அப்படியே பட்டினியில் சாகும். சாப்பாட்டுப் பார்சலில் ஒட்டியிருக்கும் கறியின் உப்புக்காக நக்க வந்து ஷீட்டோடு விழுங்கிவிடுகின்றன. 2017 செப்டெம்பரில் இந்த லஞ்ச் ஷீட்டைத் தடை செய்தார்கள். தடை செய்த சாமான் மானுக்கு மட்டும் எப்படியோ கிடைத்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பந்துக்குள் அர்ச்சனைச் சாமான் வாங்கித் தரும் பை ஒன்றும் இருந்தது. கடையின் பெயரைக்கூட வாசிக்க முடிந்தது. அதை மட்டும் படத்தில் போடவில்லை.

ஏன் போடவில்லை என்றால், நானும் அந்தப் பையைப் போட்டவள்தான். சின்ன வயதில் அப்பா வெள்ளிக்கிழமைகளில் சைக்கிள் பாரில் இருத்திக் கோட்டைக்குள் இருக்கிற கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். கோட்டை வாசலில் ஆமிக்காரர் இறக்கி எல்லாரையும் செக் பண்ணுவார்கள். மானிடம் மட்டும் இவர்கள் அடையாள அட்டை கேட்கிறதில்லை என்று அப்பா காதுக்குள் பகிடி விடுவார். திரும்பி வரும்போது அர்ச்சனை வாழைப்பழத்தை நான் கையில் நீட்ட, மான் பழத்தை விட்டுவிட்டு என் பாவாடை நுனியைச் சப்பும். பழம் முடிந்ததும் வெறும் பையை அங்கேயே விட்டுவிட்டு வருவோம். அப்பாவும் ஒன்றும் சொன்னதில்லை. அந்த நாளில் எத்தனை மான் எங்கள் பையால் செத்ததோ.

இனிச் சிலர் வருவார்கள். டீச்சர், புள்ளிமான் என்ன அழிந்துபோகிற இனமா, வில்பத்துக் காட்டில் கூட்டம் கூட்டமாக நிற்கிறதே என்று. தெரியும். அது அழியப்போகிறது என்று நான் எங்கேயாவது எழுதினேனா? குளோனிங்கை இழுத்து வந்தது நானில்லை. ஆனால் நகரத்துக்கு நடுவில், பஸ் ஸ்ராண்ட் வரைக்கும் வந்து மனிதரோடு நிற்கிற மான் கூட்டம் வில்பத்துவில் இல்லை. இது எங்கள் மான். இந்த விளக்கம் போதும்.

இன்னொரு கட்சி கொஞ்சம் கெட்டித்தனமானது. என் பழைய மாணவன் ஒருவன் இன்பொக்ஸில் அமெரிக்கக் கருங்கால் பெரட்டைப் பற்றி எழுதியிருந்தான். எங்கள் கீரிப்பிள்ளையின் சாயலில் ஒரு பிராணி. குளோன் வரும்வரை உயிரோடு இருந்த அத்தனையும் ஏழே ஏழு பெரட்டுகளின் வாரிசு, ஒன்றுக்கொன்று சொந்தம். 1988இல் செத்துப்போன வில்லா என்ற பெரட்டின் கலத்தை சான் டியாகோவில் உறையவைத்திருந்தார்கள். அதிலிருந்து 2020 டிசம்பரில் எலிசபெத் ஆன் பிறந்தது. இழந்துபோன பரம்பரையலகு (ஜீன்) வேறுபாடு திரும்பவும் உள்ளே வர வழி கிடைத்தது. வில்லாவின் இன்னொரு குளோன் 2024இல் குட்டியும் போட்டது. நல்ல வேலை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் தம்பி, அந்தப் பெரட் ஏன் அந்த நிலைக்கு வந்தது என்பதை நீ எழுதவில்லையே. அது தின்கிற பிரெய்ரி நாய்களை, பெயர்தான் நாய், அணில் வகை, வளை தோண்டி வாழ்பவை, மேய்ச்சல் நிலத்தைக் கெடுக்கிறது என்று நஞ்சு வைத்துக் கொன்றார்கள். போதாததற்குக் கொள்ளைநோயும் வந்தது. வளையும் இரையும் இல்லாவிட்டால் எலிசபெத் ஆனைப் போல ஆயிரம் பிறந்தாலும் கூண்டுக்குள்தான் இருக்கும். திரும்பவும் அதே கேள்விக்குத்தான் வருகிறேன், கோபிக்காதே. எங்கே விடுவீர்கள்? அதோடு, கலத்தை முன்கூட்டியே எடுத்துத் திரவ நைதரசனில் வைத்திருந்தால்தானே இந்தக் கதையெல்லாம். எங்கள் வீட்டில் உறையவைத்திருப்பது சூடை மீன் மட்டும்தான், அதுவும் கரண்ட் போனால் நாறும்.

ஸ்பெயினில் புக்கார்டோ என்று ஒரு மலையாடு. கடைசியாக மிஞ்சிய பெண் ஆடு 2000 ஜனவரியில் மரம் விழுந்து செத்தது. அதன் கலம் முந்திய வருடமே எடுத்து வைத்திருந்தபடியால் 2003இல் ஒரு கலப்பின ஆட்டின் வயிற்றில் குளோன் குட்டியை வளர்த்து எடுத்தார்கள். நுரையீரல் பழுது, சில நிமிடத்தில் போய்விட்டது. பிழைத்திருந்தாலும் துணைக்கு ஆண் ஆட்டை எங்கிருந்து கொண்டு வருவது? இதையும் வாசியுங்கள் அண்ணா. டொலியோடு நிறுத்தாதீர்கள்.

எங்கள் யானைக் கதை வேறு. 2011 கணக்கெடுப்பில் இந்த நாட்டில் 5,879 யானைகள். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ஒரே ரயிலில் அடிபட்டு குறைந்தது ஆறு செத்தன. யானை வயிற்றில் சுமப்பது 22 மாதம். குளோன் குட்டியும் அதே 22 மாதம் எடுத்துத்தான் வரும். வந்தாலும் எங்கே தண்ணீர், எங்கே வேலி, எந்த நேரம் ரயில் என்று அதற்கு யார் காட்டிக் கொடுப்பது? அந்தப் பாடத்தை அதன் தாயும் பெரியம்மாவும்தான் நடத்த வேண்டும். அவர்களைத் தண்டவாளத்தில் அல்லவா விட்டுவிட்டோம்.

போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கடலில் தள்ளினார்கள். முந்நூறு வருடம் கழித்துத் திரும்பக் கட்டினோம். கட்ட முடிந்தது, ஏனென்றால் மலை அந்த இடத்திலேயே நின்றது. மலையையும் உடைத்துக்கொண்டு போயிருந்தால் எந்தச் சிற்பியைக் கூப்பிட்டு என்ன செய்வது? நான் விஞ்ஞானத்துக்கு எதிரி என்று எழுதியவர்களுக்கு இதை விட விளக்கம் சொல்ல எனக்குத் தெரியாது. டொலியைச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் எடுக்கிறவள் விஞ்ஞானத்துக்கு எதிரியா? நல்ல கதை.

உண்மையைச் சொன்னால், என்னைச் சுட்டது குளோனிங் இல்லை. "ஊரில் இருப்பவர்கள்" என்ற சொல்தான். யுத்தத்திலும் இந்த மான்கள் இங்கேதான் நின்றன. சுனாமிக்குப் பிறகும் நின்றன. நாங்கள் போனோம், வந்தோம். நீங்கள் போனீர்கள். போனதைக் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் இரண்டு பேர் வெளியில்தான் இருக்கிறார்கள், அவர்கள் அனுப்பிய காசில்தான் கூரை போட்டோம். ஆனால் ஒகஸ்ட்டில் வந்து, மானுக்குப் பழம் கொடுத்து, பிள்ளைகளோடு படம் எடுத்து, "எங்கள் ஊர்" என்று போடுவீர்களே, அந்த மானுக்கு மற்றப் பதினொரு மாதமும் யார் குப்பை பொறுக்குவது? போன சனிக்கிழமை நாங்கள் ஆறு பேர் நின்றோம். அதில் மூன்று பேர் என் டியூஷன் பிள்ளைகள், நான் திட்டுவேன் என்று வந்தவர்கள்.

படம் அருவருப்பாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றும் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எடுக்கமாட்டேன். அடுத்த சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கோட்டை வாசலில் நிற்போம். உரப்பை நான் கொண்டு வருவேன், கையுறை நீங்கள் கொண்டு வாருங்கள்.