கோபம் யார் மேல்?

இங்கிலாந்தில் 2020 மே மாதம் முதல், மறுப்பைப் பதிவு செய்யாத வயதுவந்தோர் பொதுவாக உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தவர்களாகவே கருதப்படுகிறார்கள். "என்னைக் கேட்காமல் என் உடலைத் தொட அரசு யார்?" என்று மறுப்பைப் பதிவு செய்வது நல்ல எதிர்ப்பு என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. கேள்வி நியாயம்தான். ஆனால் அந்த அடி அரசின் மேல் விழுவதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலி அருகே கங்கைகொண்டான் பக்கம் நான்குவழிச் சாலையில் என் அண்ணன் அடிபட்டார். முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் மணிக்கணக்காகக் காக்க வைத்தார்கள். பிறகு வேறோர் இடத்தில், ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து, மூளைச்சாவு என்றார்கள். வென்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்கியது. கை சூடாகவே இருந்தது. நகக்கண்ணில் ஒட்டியிருந்த செம்மண்ணை மதினி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தானம் பற்றிக் கேட்டதும் நான்தான் கத்தினேன், இந்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு எதுவும் கொடுக்கக்கூடாது என்று. மதினி தலை நிமிராமல் சொன்னார்: "தம்பி, காக்க வைத்தவர்கள் மேல் மனு எழுதுங்கள். சிறுநீரகத்துக்குக் காத்துக் கிடக்கிற பிள்ளை நம்மை என்ன செய்தது?"

அவர் மறுத்திருந்தால் ஒருவரும் வற்புறுத்தியிருக்கக் கூடாது. குடும்பத்தின் சம்மதம் கேட்காமல் நம் நாட்டில் உறுப்புகளை எடுப்பதில்லை. அது அப்படியே இருக்க வேண்டும். பயம், நம்பிக்கை, துக்கம் என எதற்காகவும் மறுக்கலாம். அரசைக் குத்துவதற்காக மட்டும் மறுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மனுவைக் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு திங்கள்கிழமை கொடுத்தோம். மதினியும் வரிசையில் நின்றார்.