எந்த ஆப் என்று கேட்பதற்கு முன்னால்

வேலை பார்க்கும் இடத்தில் நடக்கும் முறைகேட்டை வெளியே சொல்ல நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஆப் பாதுகாப்பு?" யாரிடமிருந்து பாதுகாப்பு என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. செய்தியை மூன்றாம் ஆள் படிக்கக்கூடாது என்பது ஒன்று. அனுப்பியது யார் என்றே தெரியக்கூடாது என்பது வேறு. நாளைக்கு அதைக் காட்டி "எழுதினது இவர்தான்" என்று நிரூபிக்க முடியாமல் இருப்பது இன்னொன்று.

இந்த மூன்றாவதைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதே இல்லை. 1991-ல் வந்த, மெயிலைப் பூட்டி அனுப்பும் பிஜிபி என்ற மென்பொருளில் டிஜிட்டல் கையொப்பமிட்டு மெயில் அனுப்பினால், அதை எழுதியது நீங்கள்தானா என்று யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ரகசியம் பேசப் போய், பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கதைதான். இதற்கு மாற்றாக 2004-ல் நிகிதா போரிசோவ், இயன் கோல்ட்பெர்க், எரிக் ப்ரூவர் மூவரும் சாட்டுக்கான ஓடிஆர் (ஆஃப்-த-ரெகார்ட்) என்ற என்க்ரிப்ஷன் முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் செய்தியைச் சரிபார்க்கும் சாவி, அதாவது ரகசிய எண், இரண்டு பேரிடமும் ஒன்றேதான். வந்தது உங்கள் செய்திதான் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியும். ஆனால் வெளியாளிடம் நிரூபிக்க முடியாது, அதே சாவியால் அவரே அதை எழுதியிருக்கலாமே! பயன்படுத்தி முடித்த சாவிகளை வெளிப்படையாகவும் அனுப்பிவிடும், யாரும் போலி செய்துகொள்ளட்டும் என்று. அருமையான யோசனை. சிக்னல் என்ற செய்தி ஆப்பும் இந்த வழி வந்ததுதான்.

2010-ல், விக்கிலீக்ஸுக்கு அமெரிக்க ராணுவ ரகசியங்களைக் கொடுத்த ராணுவ வீரர் செல்சி மேனிங், ஹேக்கர் ஏட்ரியன் லாமோவிடம் மனம் விட்டுப் பேசியது இதே ஓடிஆரில். லாமோ அந்த உரையாடலை அப்படியே அமெரிக்க அதிகாரிகளிடம் கொடுத்தார். மேனிங்கின் லேப்டாப்பிலும் அதே பதிவு கிடைத்தது. 2013-ல் 35 ஆண்டு தண்டனை. கணிதப்படி மறுக்க வழி இருந்தும் அது அவரைக் காப்பாற்றவில்லை.

அதனால் மறுத்துவிடலாம் என்று நம்பி ஆப் எடுக்காதீர்கள். எதுவும் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்னலில் செய்தி தானாக மறையும் வசதியைப் போட்டு வையுங்கள், இரண்டு பக்கமும் அழிந்துவிடும். 2016-ல் அமெரிக்காவில் சம்மன் வந்தபோது சிக்னலிடம் கொடுக்க இருந்தது, கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும்தான். டெலிகிராமை விட்டுவிடுங்கள், அதன் சாதாரண சாட்டில் பேசும் இருவர் மட்டுமே படிக்க முடிகிற முழு என்க்ரிப்ஷன் கிடையாது.

ஆனால் சிக்னலில் சேர போன் நம்பர் வேண்டும். 2024 முதல் மற்றவர்களிடமிருந்து மறைக்கலாம், அவ்வளவுதான். நம் ஊரில் சிம் என்றாலே அடையாள அட்டை. ஆள் யாரென்றே தெரியக்கூடாது என்றால், நம்பர் கேட்காமல், யார் எங்கிருந்து இணைகிறார் என்பதை மறைக்கும் டார் நெட்வொர்க் வழியாகப் போகும் ப்ரையர் என்ற செய்தி ஆப்தான் என் தேர்வு. 2023-ல் இந்திய அரசு தடைசெய்த 14 ஆப்களில் அதுவும் ஒன்று என்பதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

டாரை அலுவலக வைஃபையில் மட்டும் திறக்காதீர்கள். என்ன பார்த்தீர்கள் என்று தெரியாவிட்டாலும், டார் திறந்தது நீங்கள் என்று தெரிந்துவிடும். 2013-ல் ஹார்வர்டில் டார் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பிய மாணவர் சிக்கியது அப்படித்தான், கல்லூரி வைஃபையில் இருந்துகொண்டே அனுப்பினார். அலுவலகம் கொடுத்த போனும் வேண்டாம்.