ஐசியு வாசலில் ஒரு போன் நம்பர்

மூன்று வருடம் முன்பு பெரியப்பா பதினோரு நாள் வென்டிலேட்டரில் இருந்தார். ஒன்பதாம் நாள் டாக்டர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டு, "இனிமே பெரிய முன்னேற்றம் இருக்காது. குடும்பமா பேசி முடிவு சொல்லுங்க" என்றார். என்ன பேசுவது? பில்லைப் பற்றி வாயெடுத்த தம்பியை அத்தை கல்நெஞ்சக்காரன் என்று திட்டினார். கடைசியில் ஊரே செய்வதைத்தான் செய்தோம். ‘மருத்துவ ஆலோசனையை மீறி, சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்’ என்ற படிவத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டான். யாருடைய ஆலோசனையை மீறினோம் என்று இன்றுவரை புரியவில்லை.

அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ‘எத்திக்ஸ் கமிட்டி’ என்று ஒரு போர்டு தொங்கியது. விசாரித்தால், புது மருந்துச் சோதனைகள் நியாயமாக நடக்கின்றனவா என்று பார்க்கும் குழுவாம். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி அதில் குறைந்தது 7 பேர் வேண்டும். பாதிப் பேராவது வெளியாட்கள். தலைவரும் வெளியாள்தான். ஒரு வக்கீல், ஒரு பெண், மருத்துவம் படிக்காத ஒரு சாமானியர் கட்டாயம். நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் சோதனைக்கு வருகிறவருக்கு இருக்கிற இந்தக் காவல், மேல்மாடியில் குழாய்களோடு கிடப்பவருக்கு ஏன் இல்லை?

உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது பற்றி உச்ச நீதிமன்றம் 2018இல் வழி சொன்னது. அது நடைமுறைக்கு ஒத்துவராத அளவுக்குச் சிக்கலாக இருந்ததால் 2023இல் எளிமையாக்கியது. இப்போது மருத்துவமனையே இரண்டு குழுக்களை அமைக்க வேண்டும், ஒவ்வொன்றும் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் கர்நாடக அரசு இதற்காகச் சுற்றறிக்கையே விட்டது. சரி, அந்த இரண்டு குழுக்களிலும் யார்? எல்லோரும் டாக்டர்கள்.

ராத்திரியெல்லாம் பக்கத்தில் நின்ற சிஸ்டருக்கு அங்கே இடமில்லை. நாங்கள் பேசுவதைக் கேட்டு, எங்களுக்குப் புரிகிற தமிழில் திருப்பிச் சொல்ல ஒரு சமூகப் பணியாளரும் இல்லை. எனக்கு வேண்டியது தீர்ப்புச் சொல்லும் பஞ்சாயத்து அல்ல. அப்படி ஆக்கினால் டாக்டர்கள் கேஸுக்குப் பயந்து அந்தப் பக்கமே போக மாட்டார்கள். உட்கார்ந்து பேச, சம்பளத்துக்கும் பில்லுக்கும் சம்பந்தமில்லாத நாலு பேர் போதும். முக்கியமாக, அவர்களைக் குடும்பமே நேரடியாகக் கூப்பிட முடிய வேண்டும். டாக்டர் மனசு வைத்தால்தான் கூடும் என்றால் அந்தக் குழு ஒருநாளும் கூடப் போவதில்லை.

ஐசியு வாசலில் பார்வையாளர் நேரம் எழுதிய பலகை இருக்கிறதே, அதற்குக் கீழே அவர்களுடைய நம்பரை எழுதி வைக்கலாம். பில் கவுன்டர் நம்பர் ஏற்கெனவே அங்கே இருக்கிறது.