கொடியைத் தலைகீழாக ஏற்றிவிட்டு ஊருக்குத் தேசபக்தி பாடம் எடுக்காதீர்கள்

போதும் ஐயா, போதும். ஆகஸ்ட் 15 காலையில் பச்சையை மேலே வைத்துக் கொடி ஏற்றிய குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர், அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் நீட்டி முழக்குகிறார்: "சம்பளம் கேட்டு ரோட்டில் உட்காருபவர்கள் கையில் தேசியக் கொடி எதற்கு? கொடியை அவமதிக்கும் இவர்களை உள்ளே தள்ள வேண்டும்." கீழே நாற்பது கைகூப்பல், இருபது கொடிப் படம். இவரைப் போல ஒருத்தர் உங்கள் குழுவிலும் இருப்பார்.

காலையில் நடந்ததைப் பார்த்தவர்கள் யாருக்கும் அந்தச் செய்தியைப் படித்ததும் வயிறு எரியத்தான் செய்யும்.

எட்டரை மணி. கம்பத்தடியில் நூறு பேர். சிறப்பு விருந்தினர் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார், கொடி விரியவில்லை. மறுபடி இழுக்கிறார், விரியவில்லை. பின்னால் நின்ற செயலாளர், "சார், வெடுக்குன்னு இழுங்க" என்கிறார். வெடுக்கென்று இழுத்ததும் முடிச்சு இன்னும் இறுகுகிறது. ஒருவர் கயிற்றை ஆட்டச் சொல்கிறார், இன்னொருவர் கம்பத்தையே ஆட்டச் சொல்கிறார், ஆட்டவும் ஆட்டுகிறார்கள். மேலிருந்து இரண்டு சாமந்தி இதழ் மட்டும் விழுகிறது. உடனே கைதட்டல். கொடி இன்னும் பொட்டலமாகவே இருக்கிறது. கடைசியில் காவலாளி பெரியவர் மாங்காய் பறிக்கிற தொரட்டியைக் கொண்டுவந்து, நாற்காலி மேல் ஏறி நின்று, தேசியக் கொடியைக் குத்திக் குத்தி இழுக்கிறார். பூ மொத்தமும் அவர் தலையில் கொட்ட, கொடி விரிகிறது. பச்சை மேலே, காவி கீழே. யாராவது பார்த்தார்களா? எல்லாரும் விறைப்பாக சல்யூட் அடிக்கிறார்கள்! ஜன கண மன என்று கைப்பேசியில் யூடியூபைத் தட்டிவிடுகிறார்கள். பாடுவதற்கு ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. பாட்டுக்கு முன்னால் பற்பசை விளம்பரம் ஓடுகிறது, அதற்கும் அதே விறைப்பு. மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண் குழந்தை "அம்மா, கலர் மாறியிருக்கு" என்றதும்தான் நூறு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

52 விநாடிப் பாட்டு. அதைக்கூட நூறு பேர் வாய்விட்டுப் பாட முடியாதா?

இது முந்தின நாள் சாயங்காலம் அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தால் நடந்திருக்காத அசிங்கம். முதலில் கப்பியைப் பாருங்கள். வருஷத்துக்கு இரண்டு நாள் மட்டும் சுழல்கிற கப்பி துருப்பிடித்துத்தான் இருக்கும். எண்ணெய் விட்டு, வெறும் கயிற்றை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். கயிறு மெல்லிசாக இருந்தால் சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் போய்ச் சிக்கிக்கொள்ளும். அங்கே சிக்கினால் கீழிருந்து யார் இழுத்தாலும் வராது, ஏணி வைத்து ஏறித்தான் எடுக்க வேண்டும். புது நைலான் கயிறு வழுக்கும். வழுக்குமே என்று பயந்து கூடுதலாக இரண்டு முடிச்சு போடுகிறார்கள் பாருங்கள், மறுநாள் மானத்தை வாங்குவது அந்த இரண்டு முடிச்சுதான்.

கொடியை நீளவாக்கில் மடித்து, பறக்கும் முனையிலிருந்து கயிற்றுப் பக்கமாகச் சுருட்டிக்கொண்டு வாருங்கள். உள்ளே ஒரு கைப்பிடி உதிரி இதழ் போதும். விரிக்கும் முன் கொடிக்குள் பூவிதழ் வைக்க விதி அனுமதிக்கிறது, ஆனால் அரைக்கிலோ சாமந்தியை முழுப் பூவாகத் திணித்தால் பொட்டலம் கனத்துத் தொங்கி, சுருக்கு தன் பாரத்திலேயே இறுகிவிடும். கட்டுவது உருவாஞ்சுருக்காக மட்டுமே இருக்க வேண்டும்: கயிற்றை ஒரு சுற்று சுற்றி, மடிப்பாக ஒரு காதை நுழைத்து, தொங்கும் முனையை இழுத்தால் மொத்தமும் அவிழ வேண்டும். தரையிலேயே இரண்டு தடவை அவிழ்த்துப் பாருங்கள். எந்த முனை அவிழ்க்கிற முனையோ அதில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். விருந்தினர் கையில் தப்பான முனையைக் கொடுத்துவிட்டு அவரை முறைக்காதீர்கள்.

காவி மேலே என்பதைக் கட்டும்போதே இரண்டு பேர் பார்க்க வேண்டும். தடித்த துணியில் ஒழுங்காகத் தைத்த கொடியென்றால் கயிறு போகும் உறையில் மேல்முனைக்குச் சின்ன மரக்கட்டை இருக்கும், குழப்பமே வராது. மலிவுக் கொடியில் இரண்டு முனையும் ஒரே மாதிரி. அதிலும் சுருட்டிய பிறகு எந்தப் பக்கம் எது என்று யாருக்குத் தெரியும்? பேனாவால் உறையின் ஓரத்தில் குறி போடவும் கூடாது, கொடி மேல் எதையும் எழுதக் கூடாது. காவிப் பக்கக் கயிற்றில் ஒரு முடிச்சு போட்டு வையுங்கள், தீர்ந்தது.

வேண்டுமென்றே காவியைக் கீழே வைத்துப் பறக்கவிடுவதைத்தான் 1971-ஆம் ஆண்டு தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. செயலாளர் வேண்டுமென்று செய்யவில்லை. சரி, அவரை உள்ளே தள்ள வேண்டாம். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு விளக்கமும் இருக்கிறதே, அதைப் படித்தாரா? அரசியலமைப்பைத் திருத்தவோ கொடியை மாற்றவோ கோரி, சட்டத்துக்கு உட்பட்ட வழியில் அரசியலமைப்பையோ கொடியையோ அரசின் நடவடிக்கைகளையோ விமர்சிப்பதுகூட இந்தப் பிரிவின்படி குற்றமாகாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். போராட்டத்தில் கொடி பிடிக்கக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டுக் கொடி விதிகளில் ஒரு வரி கிடையாது. கொடியை மரியாதையோடு ஏற்றுவது குடிமகனின் கருத்துரிமையில் அடங்கும் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் கொடியைக் கீழே போடவில்லை, கிழிக்கவில்லை, நேராகத்தான் பிடித்திருந்தார்கள். காவி மேலே இருந்தது!

தேசிய கீதத்துக்கும் இதே கூத்துதான். வாய் அசையவில்லை என்று பக்கத்து ஆளின் உதட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கேரளத்தில் மூன்று பிள்ளைகள், தங்கள் மதநம்பிக்கையால் பாடவில்லை, ஆனால் எழுந்து மரியாதையாக நின்றார்கள். பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986-ல் உச்ச நீதிமன்றம் நீதிபதி சின்னப்ப ரெட்டியின் தீர்ப்பில், பாடாமல் நிற்பது அவமதிப்பு ஆகாது, பிள்ளைகளைத் திரும்பச் சேருங்கள் என்றது. தியேட்டரில் கட்டாயம் கீதம் போட வேண்டும் என்ற 2016 உத்தரவைக்கூட அதே நீதிமன்றம் 2018 ஜனவரியில் தளர்த்திவிட்டது. இதெல்லாம் தெரியாமலே அடுத்தவர் சட்டையைப் பிடிக்க ஓடுகிறார்கள்.

கொடியும் போராட்டமும் ஒட்டாது என்று தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்வதற்கு எப்படி ஐயா மனசு வருகிறது? 1932 ஜனவரி 10, திருப்பூர். காந்தியைக் கைது செய்ததைக் கண்டித்துத் தெருவில் ஊர்வலம். தடியடியில் மண்டை உடைந்து விழுந்தவன் கையிலிருந்து கொடியைப் பிடுங்க முடியவில்லை. மறுநாள் செத்துப்போனான். குமரனுக்கு இருபத்தேழு வயது. கொடி காத்த குமரன் என்று சிலை வைத்திருக்கிறோமே, அவன் கொடி காத்தது போராட்டத்தில்தானே? அதே மாதம் 26-ஆம் தேதி சென்னைக் கோட்டைக் கம்பத்தில் ஆர்யா என்கிற பாஷ்யம் ஏறிக் கொடியைக் கட்டினாரே, அவர் யாரிடம் அனுமதிக் கடிதம் வாங்கினார்?

கொடி அவமதிப்பைப் பார்க்க ஆசையென்றால் ஆகஸ்ட் 16 காலையில் தெருவில் இறங்கி நடங்கள். சாக்கடை ஓரத்தில் குச்சியோடு கிடக்கும் பிளாஸ்டிக் கொடிகள். 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் கொடிக்குத் தடை, ஆனாலும் சிக்னலுக்குச் சிக்னல் கிடைக்கிறது. கார் பானெட் மேல் போர்த்திய கொடி: வண்டியின் மேலோ பக்கத்திலோ பின்னாலோ போர்த்தவே கூடாது. முன்னால் குட்டிக் கம்பி வைத்துப் பறக்கவிடுவது குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர்கள், நீதிபதிகள் என்று பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும். அப்புறம் அந்த மாடிக் கொடிகள். 2022 ஜூலையில் வீட்டில் இரவும் பகலும் பறக்கவிடலாம் என்று விதி திருத்தியதும், ஏற்றியவர்கள் இறக்குவதையே மறந்துவிட்டார்கள். பறக்கும் முனைதான் காற்றில் சாட்டையாக அடித்து முதலில் பிரியும். அந்த நூல் பிரிந்த அன்றே இறக்க வேண்டும். கிழிந்த கொடியைப் பறக்கவிடவே கூடாது. பொங்கல் வரைக்கும் வெளுத்துக் கந்தலாகத் தொங்குகிறது, கீழே நின்று ஒருத்தரும் கேட்பதில்லை.

இறக்கினால் என்ன செய்வது என்று தெரியாமல் குப்பைத் தொட்டியில் போடுகிறவர்களும் உண்டு. எரித்தால் குற்றமாகிவிடுமோ என்ற பயம். பொது இடத்தில், அவமதிக்கும்படி எரிப்பதுதான் குற்றம். பழுதான கொடியைத் தனியிடத்தில், முழுசாக, மரியாதையோடு எரித்துவிடுங்கள் என்று விதியே சொல்கிறது. வேறு கண்ணியமான வழியும் சரிதான். பாலியஸ்டர் உருகிப் புகையும், அதை மடித்துக் குழி தோண்டிப் புதைப்பதே நல்லது.

இவ்வளவும் எழுதி அந்தக் குழுவில் போட்டால் "அரசியல் பேச வேண்டாம்" என்று பதில் வரும். வரட்டும்.

அப்புறம் இன்னொன்று. ஏழரைக்கு வரச் சொல்லிக் குழந்தைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திவிட்டு, விருந்தினர் எட்டரைக்கு வருவது, கொடியேற்றிய பிறகு நாலு பேர் முக்கால் மணி நேரம் பேசுவது, இது எந்த ஊர் நியாயம்? இரண்டு பிள்ளைகள் மயக்கம் போட்டு விழுந்ததே! முதலில் அதுகளுக்குத் தண்ணீரையும் மிட்டாயையும் கொடுத்து நிழலில் உட்காரவையுங்கள். உங்கள் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.